ரப்பருக்குப் பதில் தோல்

ஒரு லாரிக்குப் பங்குதாரனாக இருந்தும் அதில் ஏறத் தெரியாத மனிதனைப் பாலாற்றின் இரண்டு கரையிலும் தேடினால் நான் ஒருவன்தான் கிடைப்பேன். ஓட்டத் தெரியாததை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. சினிமாக் கொட்டகை முதலாளிக்கு நடிக்கவா தெரியும்? ஆனால் ஏறுவது வேறு விஷயம். வண்டியைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, முதல் லோடுக்காகப் பேர்ணாம்பட்டுத் தோல் மண்டிக்குக் கொண்டுபோன அன்று, சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி நடை நடந்துபோய்ச் சக்கரத்தின் குடத்தில் கால் வைத்து, கதவைப் பிடித்து ஒரு எம்பு எம்பினேன். கதவு திறந்துகொண்டது. நான் கதவோடு ஒரு அரைவட்டம் போய், லுங்கியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, டவுசரோடு தரையில் உட்கார்ந்தேன்.

"லுங்கி ஏறிகிச்சி சாமி, நீ எப்ப ஏறப் போற?" என்றான் ஒருவன்.

குடியாத்தம் லுங்கி. கெட்டி நெசவு. கிழியக்கூட இல்லை. கிழிந்திருந்தால் பாதியாவது இடுப்பில் மிஞ்சியிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு சொல்லப்போவதில் சிரிக்க இடம் கம்மி.

வண்டியை உயர்த்தியது என் தங்கை வீட்டுக்காரருக்காக. நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் தங்கை புருஷன் என்ற மரியாதைக்கு வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அவர் என்னை நீ வா போ என்பார். எங்கள் வீட்டில் அது அப்படி அமைந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் அவர் ஆம்பூரில் ஒரு லாரி கம்பெனியில் டிரைவர். டிரைவர் என்றால் லாரி ஓட்டுவது மட்டும் இல்லை. முதலாளி வீட்டுக்காக மாவு மில்லுக்கு நடை, முதலாளி மாமியாரின் மூட்டு வலிக்கு எண்ணெய், முதலாளி பிள்ளையின் ஷூவுக்குப் பாலீஷ், எல்லாம் டிரைவர் கணக்கு. ஒரு நாள் அந்தப் பிள்ளை, மீசை அப்போதுதான் அரும்பியிருந்த பையன், கிளீனருக்கு எதிரில் இவரைக் கை நீட்டி அடித்துவிட்டான். இவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். என் தங்கை வைத்த சோற்றை அளைந்துகொண்டே சொன்னார்:

"இனிமே இன்னொருத்தன் வேலைல கைய வெக்க மாட்டேன். பிச்ச எடுத்தாலும் சொந்தத் தட்டுல எடுக்கறேன்."

அந்தச் சொந்தத் தட்டுதான் இந்த வண்டி. பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விட்ட இடத்தில் அவரும் நானும் சேர்ந்து எடுத்தோம். எந்த நாட்டில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைதான் இருந்தது. இஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது, முன்பக்கம் மூன்றாவது ஏதோ ஒன்றுடையது. ஆனாலும் அவர் காலையில் அதைத் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். என் தங்கை ஒரு முறை கேட்டாள், "ஏங்க, இந்த வண்டியத் தொடைக்கிறதுல பாதி வாட்டியாவது புள்ளைக்கு மூக்கத் தொடச்சி விடக்கூடாதா?" என்று.

நான் அப்போது மேல்விஷாரத்தில், தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கிறவன். பதப்படுத்திய தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தடவி, முகர்ந்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது தேறாது என்று பிரித்துப் போடுவது என் வேலை. பேர்ணாம்பட்டு மண்டியிலிருந்து எங்கள் ஷாப்புக்கு உப்புத் தடவிய பச்சைத் தோல் ஏற்றி வருகிற வாடகையை மாப்பிள்ளைக்கு நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அவருக்கு அது ஒன்றுதான் நிரந்தர லோடு. அது போனால் வண்டி போகும். வண்டி போனால் மறுபடி யார் வீட்டு மாவு மில்லோ.

சிக்கல் எங்கள் ஷாப்பின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கச் சந்து கட்டை வண்டிக்கே குறுகல். அதனால் லாரி எல்லாம் ஆற்றுப் பக்கமாகத்தான் வர வேண்டும். அங்கே எல்லா ஷாப் கழிவுத் தண்ணீரும் ஓடுகிற ஒரு கால்வாய். சுண்ணாம்பும் உப்பும் மயிரும் கொழுப்பும் சேர்ந்து, ஆறிப்போன கூழ் மாதிரி அசையாமல் நிற்கும். எங்கள் மூக்குக்கு அது பழகிப்போனது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போதே கைக்குட்டை எடுப்பார்கள். அதைத் தாண்டித்தான் பின் கேட்டு. மாப்பிள்ளை வண்டிக்கு வயிறு தாழ்வு. ஒரு வெயில் நாளில் நடுக் கால்வாயில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. இழுத்து வெளியே எடுப்பதற்குள் உப்பு போதாத தோல்கள் சூடேறி, தடவினால் மயிர் கையோடு வந்தது. மயிர் கையோடு வந்தால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மேனேஜர் ஒரு கட்டை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு வாட்டி மாட்டிச்சின்னா வேற வண்டிதான்பா. உன் சொந்தம்னு பாத்தேன்."

மாப்பிள்ளை வண்டிக்குக் கீழே படுத்து, சேற்றிலேயே படுத்து, தன் கையால் தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி அளந்துகொண்டிருந்தார்.

மெக்கானிக் பாய் பட்டறை ஆற்காடு ரோட்டில். நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல பேச்சுக்காரர். அவர் கைபட்ட வண்டி திரும்ப வராது என்பார். சில வண்டிகள் அப்படித்தான், எங்கேயாவது வழியில் நின்றுவிடும் என்பேன் நான். கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஒசத்திடலாம் தோஸ்த்," என்றார் பாய், வண்டியைச் சுற்றி வந்துகொண்டே. "அடில இரும்பு வளையம் வெச்சி, ஸ்பிரிங்க மேல ஏத்திட்டா யான மாதிரி நிக்கும். அந்தக் கால்வா இன்னா, பாலாத்துல வெள்ளம் வந்தாலும் போவும்."

உயர்த்தினார். யானை மாதிரித்தான் நின்றது. கால்வாயைத் தாண்டுகிற சோதனையில் வயிற்றில் ஒரு துளி சேறு படவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் மண்டியில் என் லுங்கி கதை. ஆனால் தார் ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டேரிங் பல் துலக்குகிற மாதிரி ஆடியது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தோள் இரண்டும் வீங்கியிருந்தன.

காரணம் பாய் சொன்னார். மற்ற லாரிகளுக்கு முன்பக்கம் பட்டை ஸ்பிரிங். இதற்கு அப்படி இல்லை. சுருள் ஸ்பிரிங் இரண்டு, எடையை மட்டும் தாங்கும். முன் அச்சு முன்னேயும் பின்னேயும் போகாமல் பிடித்து வைப்பது இரண்டு இரும்புக் கைகள், பக்கத்துக்கு ஒன்றாக, வண்டியின் அடிச்சட்டமான சேஸிலிருந்து அச்சுக்கு நீட்டிக்கொண்டு இருக்கும். பட்டறையில் அதை ஆர்ம் என்பார்கள். வண்டியை உயர்த்தியதும் அந்தக் கைகளுக்கு நீளம் போதவில்லை. அச்சைப் பின்னால் இழுத்துப் பிடித்தன. ஆள் வளர்ந்துவிட்டான், சட்டைக் கை வளரவில்லை.

"வேற ஆர்ம் போட்டுடலாம்," என்றார் பாய். "இன்னும் நீளமா, இன்னும் தடிமனா. கம்பெனிக்காரன் போட்டது விரலு. நான் போடறது தொட."

போட்டார். கனத்த குழாயை அறுத்து, நுனியில் வளையம் வைத்துப் பற்றவைத்து, இரண்டு கைகள் செய்தார். இன்று நினைத்தாலும் அந்த வெல்டிங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மிச்சமிருந்தது ஒன்றுதான். கையின் வளையத்துக்குள் போல்ட் போகும்; இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் ஒரு ரப்பர் குழல். அதுதான் புஷ். பழைய புஷ் பாய் தொட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது.

அந்த அளவு புஷ்ஷுக்காக வேலூர் லாங் பஜாரைக் காலை முதல் சாயங்காலம் வரை அலசினோம். கைவண்டிகளுக்கு நடுவில் புகுந்து, ஒரு கடையில் இல்லை, அடுத்த கடையில் இல்லை. கடைசிக் கடைக்காரர் பழைய புஷ்ஷின் மிச்சத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இத வெச்சிருந்தவங்க யாராவது உயிரோட கீறாங்களா?" என்றார். மெட்ராஸுக்கு எழுதிப் போடலாம் என்று பாய் சொன்னார். அதற்குள் மண்டியில் தோல் காத்திருக்குமா?

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் ஊரில் எதற்கும் தோல்தான் வைத்தியம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைபம்பு ஒழுகினால் தோல் வாஷர். கதவு கீச்சிட்டால் கீலுக்கு ஒரு துண்டுத் தோல். மேஜை ஆடினால் காலடியில் தோல். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கட்டிய பல்செட்டு லூசாகிப் போக, ஆட்டுத் தோலில் மெல்லிசாக ஒன்று சீவி வைத்துப் பிரியாணி சாப்பிட்டார். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவனிடம் ரப்பர் இல்லை என்று சொல்வது, அரிசி மண்டிக்காரனிடம் ரொட்டி இல்லை என்று அழுவது மாதிரி எனக்குப் பட்டது.

"தோல்ல செஞ்சா இன்னா?" என்றேன்.

பாய் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். பேச்சுக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தால் ஆபத்து. "பம்புல தாங்குதில்ல," என்றார்.

மாப்பிள்ளை மட்டும் கேட்டார்: "தாங்குமா மச்சான்? நீ தமாஷ் பண்ணலியே?"

"தோல் விஷயத்துல நான் தமாஷ் பண்ணி பாத்திருக்கீங்களா?" என்றேன். அது உண்மை. தோல் விஷயத்தில் நான் தமாஷ் செய்வதில்லை.

ஆவாரம்பட்டையில் ஊறிய எருமைத் தோல், செருப்பு அடிக்குப் போடுவது, முதுகுப் பகுதி. ஒரு தழும்பு, ஒரு உண்ணிக் கடி இல்லாமல், அடுக்கிலேயே முதல் தரத்தை மேனேஜரிடம் சொல்லி எடுத்தேன். பட்டையாக அறுத்து, நனைத்து, போல்ட்டைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி, மரச் சுத்தியால் அடித்து, கிட்டியில் வைத்து நசுக்கி, காயவைத்து, புங்கெண்ணெயில் ஊறப் போட்டேன். வெளியே எடுத்தபோது கருப்பாக, வழவழவென்று, கல் மாதிரி இருந்தது. கிணற்றுத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்து மறுநாள் எடுத்துப் பார்த்தோம். ஒரு மாற்றமும் இல்லை. பாய் அதை வளையத்தில் வைத்து அடித்து இறக்கினார். சொர்க்கவாசலுக்குச் சாவி செய்தவன் மாதிரி நான் பக்கத்தில் நின்றேன்.

வண்டி ஓடியது. தார் ரோட்டில் ஸ்டேரிங்கை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை. கால்வாயைத் தாண்டும்போது மற்ற லாரிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். மழைக்காலத்தில் இன்னும் நன்றாக ஓடியது. ஆட்டமே இல்லை, அசைவே இல்லை, அச்சு கல்லில் பதித்த மாதிரி இருந்தது. பார்க்கிற எல்லோரிடமும் நான் சொன்னேன், ரப்பர் வெள்ளைக்காரன் புத்தி, தோல் நம்ம புத்தி என்று. எனக்குத் தோல் இஞ்சினியர் என்று பெயர் வந்தது. ஆம்பூரிலிருந்து ஒரு டாக்சிக்காரர் தேடி வந்தார், தன் வண்டிக்கும் செய்து தருகிறாயா என்று. நல்ல வேளை, அவருக்கு அப்புறம் நேரம் கிடைக்கவில்லை.

மழையில் அது நன்றாக ஓடியது ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோல் ஊறி உப்பியிருந்தது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரிலும் சுண்ணாம்பிலும் திரும்பத் திரும்ப நனைந்து, திரும்பத் திரும்பக் காய்ந்தால் பட்டையில் ஊறிய தோல் என்ன ஆகும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பட்டைச் சத்து கழன்றுவிடும். அப்புறம் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். எங்கள் ஷாப்பில் அப்படி ஒரு தோல் வந்தால் தேறாது என்று தள்ளிவிடுவதே நான்தான். ஆனால் நான் தோலைத்தான் தரம் பார்த்தேன். அது போய் இருக்கப்போகிற இடத்தைத் தரம் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் சோதனை செய்தோம். வண்டி தினமும் இறங்கியது கிணற்றிலா?

சித்திரை வெயில் வந்தது. ஒரு காலையில் ஷாப்புக்கு வெளியே டீக்கடையில் மாப்பிள்ளை சொன்னார்:

"மச்சான், முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் வருது."

"எப்ப?"

"பிரேக் அடிச்சா ஒரு வாட்டி. விட்டா ஒரு வாட்டி."

"சரியாத்தான கீது? உள்ள வரும்போது கதவத் தட்டிட்டு வருது, வெளிய போம்போது தட்டிட்டுப் போவுது. மரியாத தெரிஞ்ச வண்டி மாப்ள."

அவர் சிரித்ததில் டீ சட்டையில் சிந்தியது. துடைத்துக்கொண்டே கேட்டார்: "பாய்கிட்ட ஒரு வாட்டி காட்டிடட்டுமா?"

"பாய் வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. வந்ததும் காட்டலாம். அதுவரைக்கும் எண்ணெ ஊத்துங்க. வெயிலுக்குத் தோலு காஞ்சிருக்கும். குடிச்சா ஊறிக்கும்."

"நிறுத்தி வெச்சிடவா?"

அவர் கேட்டது என்னை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தன்னையே கேட்டுக்கொண்டார். வெயிலில் தோல் மண்டியில் நிற்காது. வண்டி நின்றால் மேனேஜர் வேறு வண்டியை வரச் சொல்வார். வந்த வண்டி போகாது. இது இருவருக்கும் தெரியும். நான் என் டீயைக் குடித்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நான் தரம் பிரிக்கிற ஜன்னல் ஆற்றைப் பார்த்தது. அன்று மதியம் ஒரு ஆட்டுத் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தேன். அதைக் கீழே இறக்கியபோது வண்டி கால்வாயின் எதிர்க்கரைச் சரிவில் முழு லோடோடு இறங்கிக்கொண்டிருந்தது. பாதிச் சரிவில் பிரேக் பிடித்தார். முன்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கியது. வலது சக்கரம் மட்டும் பின்னால் போனது. சக்கரம் சுழன்று பின்னால் போகவில்லை. பெட்டியைத் தள்ளுகிற மாதிரி அப்படியே பின்னால் போய், டிரைவர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் புகுந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பி, மூக்கைக் கால்வாயில் குத்தி நின்றது.

நாங்கள் ஓடினோம். கால்வாய் ஓரத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை போனது. சுமைக்காரர்கள் பின்பக்கம் சரிந்து கிடந்த தோல்களை இழுத்துச் சேற்றின்மேல் விரித்து வழி போட்டார்கள். மேனேஜர் கேட்டுக்கு வெளியே நின்று, "நல்ல சரக்க மிதிக்காதீங்கடா, அந்தப் பக்கம் பழையது கீது பாரு" என்று கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். மிதிக்கும்போது, இது முதல் தரத்துக்குத் தேறும் என்று என் மண்டைக்குள் ஒரு குரல் சொன்னது. தொழில் அப்படி ஊறிக் கிடக்கிறது. தங்கை புருஷன் உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கும்போதும்.

இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கத்தவில்லை.

"மச்சான், இஞ்சின நிறுத்து," என்றார்.

எனக்கு எதைத் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் இழுத்தேன். ஆரன் அடித்தது. ஒரு சுமைக்காரர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டு நிறுத்தினார்.

மாப்பிள்ளையின் கால், பிரேக்குக்கும் உள்ளே வந்த சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. ஜாக்கி வைத்தால் ஜாக்கி சேற்றுக்குள் போனது. ஷாப்பிலிருந்து, தோலில் ஒட்டிய சதை சீவுகிற பலகைகளைத் தூக்கி வந்து அடியில் அடுக்கி, மறுபடி வைத்துத் தூக்கினார்கள். அது வரைக்கும் நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசு என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச எதுவும் கிடைக்கவில்லை.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைப் பற்றி டாக்டர்கள் ரொம்பக் கவலைப்படவில்லை. அந்தச் சேற்றைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். காய்ச்சல் ஏறியது. காய்ச்சலில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"வண்டி எங்க கீது?"

"பாய் பட்டறைல."

"சரி பண்ணச் சொல்லு. ஒசத்தினத எறக்கிடச் சொல்லு. வேற லோடு பாத்துக்கலாம், உப்புத் தோலு வேணாம். செங்கல் அடிக்கலாம்."

"அடிக்கலாம் மாப்ள."

"உனக்கும் பங்கு கீது, ஞாபகம் வெச்சிக்க."

பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்து என் தங்கை போட்டாள். போட்டுவிட்டு, பேனாவை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வெகு நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பாய் பார்க்க வந்தார். வார்டுக்கு உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்று கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். வலது பக்கத்துப் புஷ். காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கி, நீளவாக்கில் வெடித்திருந்தது. போல்ட் அந்த லூசில் ஆடி ஆடி, வளையத்தையே தின்று வெளியே வந்துவிட்டது என்றார்.

"இரும்புல ஒரு குத்தம் சொல்ல முடியாது தோஸ்த். நான் போட்டது இரும்பு. தோலு உன்னுது." சொல்லிவிட்டு அவரே அழுதார். "நான் இன்னா மெக்கானிக்கு? பம்புல தாங்குதுன்னு சொன்ன வாயி இது."

அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. பழைய இரும்புக்காரன் வந்து பட்டறையிலேயே துண்டு துண்டாக அறுத்து எடுத்துப்போனான். அந்தப் புதிய கைகள் இரண்டையும் அறுக்க ரொம்ப நேரம் ஆனது என்று பாய் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டைக் காலோடு மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். மேனேஜர் யோசித்துவிட்டு, "வாட்ச்மேன் வேல கீது. அவரால எங்கயும் ஓடிப் போக முடியாது, நல்லதுதான்," என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அப்படித்தான் பேசுவார். என் பேச்சும் பல இடங்களில் அப்படித்தான் இருந்திருக்கும், யாரும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை மறுக்கவில்லை. நான் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் பழைய வீம்பைக் காட்டினால் எப்படிச் சமாளிப்பது என்று பேச்செல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். "எப்ப வரச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். பின் கேட்டில் ஒரு ஸ்டூல். அந்தக் கால்வாயைத் தாண்டி வருகிற லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, டிரைவர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்து சங்கிலியைப் பிடிப்பார். எங்கள் லோடை எடுத்துக்கொண்ட வண்டியும் அதில் ஒன்று. அதன் டிரைவர் சின்னப் பையன், ஒரு நாள் கேட் திறக்க நேரமாகிவிட்டது என்று, "யோவ் நொண்டி, தூங்கறியா?" என்றான். என் ஜன்னலுக்குக் கேட்டது. மாப்பிள்ளை சங்கிலியை அவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போவேன். அது என் கடமை என்று வைத்துக்கொண்டேன். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் அங்கே கொட்டுவேன். மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவேன், பல்செட்டுக்காரர் பிரியாணி சாப்பிட்டதை மறுபடி சொல்வேன், என் லுங்கி கதையைக்கூட இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். அவர் சிரிப்பார். கட்டைக் காலைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு மனுஷனைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ராத்திரி நல்ல தூக்கம் வரும். வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது என் தங்கை தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். வழக்கமாக வர மாட்டாள். முனையில் நின்று, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ண்ணா, நீ இருக்கற வரைக்கும் அவரு சிரிக்கிறாரு. நீ போனதும் செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு, சோறு துன்றதில்ல, புள்ளைங்கள கிட்ட விட்றதில்ல. இனிமே வராத."